ஜிஃபோர்ட்ரான், ஓப்பன்பிளாஸ், லிங்கர்: பாளையங்கோட்டை பைண்டிங் கடையிலிருந்து ஒரு மதிப்புரை

காசு கொடுக்காமல் கிடைக்கிற பொருளுக்கு மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். காசு போகவில்லைதான். சினாப்சிஸ் கொடுக்க வேண்டிய வாரத்தில் ராத்திரித் தூக்கம் போகிறதே, அதற்கு யார் கணக்குச் சொல்வது? உபுண்டு லினக்ஸின் மென்பொருள் கிடங்கிலிருந்து இறங்கும், ஃபோர்ட்ரான் புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிஃபோர்ட்ரான் கம்பைலர், அதோடு சேர்த்துப் போடும், கணக்குக்கும் தரவுக்கும் ஆயத்தமாக எழுதி வைத்த ஓப்பன்பிளாஸ், லாபேக், நெட்சிடிஎஃப் லைப்ரரிகள், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தரும் லிங்கர் ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். கம்பைலருக்கு 5க்கு நாலரை. ஓப்பன்பிளாஸுக்கு முழுசாக 5. லிங்கர் செய்கிற வேலைக்கு 4, அது பேசுகிற பேச்சுக்கு ஒன்றரை.

நான் முருகன்குறிச்சிப் பக்கம் ஆய்வேடு தட்டச்சும் பைண்டிங்கும் செய்யும் கடை வைத்திருக்கிறேன். இயற்பியலில் எம்.ஃபில். முடித்தவள். பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலிருந்தும் அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்தும் வருகிற ஆராய்ச்சி மாணவர்கள்தான் என் வாடிக்கை. வருவது லேடெக்ஸ் என்ற மென்பொருளில் ஆய்வேட்டை அச்சுக்கோக்கும் வேலைக்கு. லேப்டாப்பைத் திறந்து வைத்த கையோடு, "அக்கா, இந்த புரோகிராம் மட்டும் ஓட மாட்டேங்கு, ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்களேன்" என்று ஆரம்பிப்பார்கள். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று தட்டச்சுக்கு வாங்குகிறேன். இதற்கு வாங்குவதில்லை. ஆனால் இந்த வேலைதான் எனக்குப் பிடிக்கிறது.

ஃபோர்ட்ரான் 1957-ல் ஐபிஎம் 704 இயந்திரத்துக்காக வந்த மொழி. பி.எஸ்சி. பிள்ளைகள் பெயரைக் கேட்டாலே சிரிக்கிறார்கள். வானிலைக்கான டபிள்யூஆர்எஃப் மாடலும், திண்மப் பொருள் கணக்குக்கான குவாண்டம் எஸ்பிரெசோவும் இன்றைக்கும் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் ரேடாரும் இருப்பதால், 80 கிலோமீட்டருக்கு மேலே வீசும் காற்றை ஆராயும் பிள்ளைகள் அவ்வப்போது தட்டுப்படுகிறார்கள். 24 மணி நேர அலை, 12 மணி நேர அலை என்று காற்றைப் பிரித்துப் பார்க்க லீஸ்ட் ஸ்கொயர் கணக்கு வேண்டும். அதற்கு லாபேக். வந்துவிட்டதா வினை?

கம்பைலரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2005-ல் ஜிசிசி என்ற கம்பைலர் தொகுப்பின் 4.0 பதிப்போடு வந்தது, பழைய ஜி77 கம்பைலரை ஓரங்கட்டியது. இலக்கண எர்ரர் வந்தால் எந்த வரி, எந்த எழுத்து என்று விரல் வைத்துக் காட்டும். ஒரே குறை, ஜிசிசி 10 வந்த 2020-லிருந்து கொஞ்சம் கண்டிப்பாகிவிட்டது. ஒரே சப்ரூட்டீனை (பெயர் சொல்லிக் கூப்பிடும் துணைப் புரோகிராமை) ஓரிடத்தில் ரியல் கொடுத்தும் இன்னோரிடத்தில் இன்டிஜர் கொடுத்தும் கூப்பிட்ட பழைய புரோகிராம்கள் அதுவரை எச்சரிக்கையோடு போயின, இப்போது எர்ரரோடு நிற்கின்றன. ‘-எஃப்அலோ-ஆர்கியுமென்ட்-மிஸ்மேட்ச்’ என்று கட்டளையில் ஒரு கொடி (ஃப்ளாக்) சேர்த்தால் பழையபடி எச்சரிக்கையாகிவிடும். அரை மார்க் குறைத்தது அதற்காக. (கட்டளைகளை எல்லாம் நான் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

பிரச்சினை அடுத்த கட்டத்தில். கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக ‘.ஓ’ கோப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. ‘டிஜெல்ஸ்’ என்று ஒரு ரூட்டீனைக் கூப்பிட்டிருந்தால், அது எங்கே இருக்கிறது என்று கம்பைலர் கவலைப்படாது. எங்கோ இருக்கும் என்று நம்பி ஒரு குறிப்பு மட்டும் போட்டு வைக்கும். என் தொழிலில் சொன்னால், "அட்டவணை 4.2 பார்க்க" என்று ஆய்வேட்டில் அடித்து வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் பிறகு யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்று விட்டுவிடுவது மாதிரி. பைண்டிங் போட உட்காரும்போதுதான் பக்கம் இல்லை என்பது தெரியவரும். அங்கே உட்கார்ந்திருப்பது லிங்கர். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு டிஜெல்ஸ் அண்டர்ஸ்கோர்’ என்று அது கத்துவதற்குப் பொருள் இவ்வளவுதான்: குறிப்பு இருக்கிறது, பக்கம் இல்லை.

இதைப் புரிந்துகொள்ளாமல் பிள்ளைகள் புரோகிராமைத் திருத்த ஆரம்பிக்கிறார்கள். நல்லா இருந்த சமன்பாட்டை எல்லாம் மாற்றி வைத்துவிட்டு வருவார்கள். லிங்கர் எர்ரருக்கு சமன்பாட்டில் கை வைக்கக் கூடாது என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டலாமா என்று யோசித்ததுண்டு.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிற போட்டோ. எல்லாரும் கடைசி வரியைத்தான் எடுத்து அனுப்புகிறார்கள்: ‘கலெக்ட்2: எர்ரர்: எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்’. லிங்கர் தோற்றுவிட்டது என்பதைத் தவிர அந்த வரியில் ஒரு செய்தியும் கிடையாது. செய்தி முழுக்க மேலே இருக்கிறது. மேலே நூறு வரி ஓடியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். தனிப் பெயர்களை மட்டும் பொறுக்கினால் நாலைந்துதான் தேறும். லிங்கரின் பேச்சுக்கு ஒன்றரை மார்க்தான் போட்டேன் என்றாலும், அந்த ஒன்றரையும் இந்தப் பெயர்களுக்காகத்தான். பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

பெயர் சின்ன எழுத்தில், பின்னால் ஒரே ஒரு அண்டர்ஸ்கோரோடு வந்தால் அது சாதாரண ஃபோர்ட்ரான் ரூட்டீன். ஜிஃபோர்ட்ரான் எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கி வாலில் ஒரு அண்டர்ஸ்கோர் ஒட்டும். பெயரின் முதல் எழுத்து டி, எஸ், சி, இசட் என்று இருந்து மொத்தம் ஐந்தாறு எழுத்துக்குள் அடங்கினால் பெரும்பாலும் லாபேக், அல்லது மேட்ரிக்ஸ் பெருக்கல் போன்ற அடிப்படைக் கணக்குகளுக்கான பிளாஸ். டிஜெல்ஸில் டி என்பது டபுள் பிரிசிஷன், ஜிஇ என்பது பொதுவான மேட்ரிக்ஸ், எல்எஸ் என்பது லீஸ்ட் ஸ்கொயர். டிசைவ் என்றால் சமச்சீர் மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்பு. இந்தப் பெயர் வைக்கும் முறை 1992-ல் லாபேக் வந்த நாளிலிருந்து மாறவே இல்லை. பெயரின் முன்னால் அண்டர்ஸ்கோரோடு ‘ஜிஃபோர்ட்ரான்’ என்றே தொடங்கினால், சி கம்பைலரான ஜிசிசியை வைத்து லிங்க் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். ஜிசிசிக்கு ஃபோர்ட்ரானின் ரைட், ரீட் எல்லாம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஜிஃபோர்ட்ரானை வைத்தே லிங்க் செய்யுங்கள், தானாகச் சேர்த்துக்கொள்ளும். ‘ஜிஓஎம்பி’ என்று தொடங்கினால், ஒரே கணினியின் பல கோர்களுக்கு வேலையைப் பிரிக்கும் ஓப்பன்எம்பி. கம்பைல் செய்யும்போது ‘-எஃப்ஓப்பன்எம்பி’ போட்டு, லிங்க் செய்யும் வரியில் போட மறந்திருப்பார்கள். ‘எம்பிஐ’ (பல புராசஸ்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை) என்று தொடங்கினால் ஜிஃபோர்ட்ரானுக்குப் பதில் எம்பிஐஎஃப்90 என்று கூப்பிட வேண்டும்.

முன்னால் இரண்டு அண்டர்ஸ்கோர், ஒரு மாட்யூல் (ரூட்டீன்களையும் மாறிகளையும் சேர்த்து வைக்கும் ஃபோர்ட்ரான் பகுதி) பெயர், நடுவில் பெரிய எழுத்தில் ‘மாட்’, பிறகு ரூட்டீன் பெயர் என்று நீளமாக வந்தால், அந்த மாட்யூலின் ‘.ஓ’ கோப்பு லிங்க் வரியில் இல்லை. அதே மாட்யூல் பெயர் நடுவில் ‘எம்பி’ என்று வந்து வாலில் அண்டர்ஸ்கோரோடு முடிந்தால், அந்தத் துண்டை யாரோ இன்டெல் கம்பைலரில் கம்பைல் செய்திருக்கிறார்கள். இரண்டு கம்பைலரும் மாட்யூலுக்குப் பெயர் வைக்கும் முறை வேறு வேறு. கலந்தால் ஒட்டவே ஒட்டாது. ‘ஃபார் ரைட் செக் லிஸ்’ என்று அண்டர்ஸ்கோர்கள் போட்ட பெயர் கேட்டாலும் அதே கதைதான், அது இன்டெலின் எழுதும் ரூட்டீன். பழைய ‘.ஓ’ கோப்பை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஒரே கம்பைலரில் போடுவதைத் தவிர வழியில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வகை ஒன்று இருக்கிறது. லைப்ரரிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, ஆனால் எர்ரர் மட்டும் லைப்ரரி எர்ரர் மாதிரியே வேஷம் போட்டு வரும். அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை, ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு விண்ட் அண்டர்ஸ்கோர்’ என்று வருகிறதே, விண்ட் லைப்ரரி எங்கே கிடைக்கும் என்று தேடிக் களைத்துப் போய் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஒரு சீனியர் அவளுக்கு ஏதோ ஒரு காற்றியல் லைப்ரரியை இறக்கியும் கொடுத்திருந்தார். புரோகிராமைத் திறந்து பார்த்தால், ‘வின்ட்யு’ என்று டைமென்ஷன் அறிவித்துவிட்டு ஒரு வரியில் மட்டும் வலப்பக்கம் ‘விண்ட்(ஐ)’ என்று அடித்திருக்கிறாள். அறிவிக்காத பெயர், பக்கத்தில் அடைப்புக்குறி. கம்பைலர் என்ன நினைக்கும்? இது ஏதோ வெளியே இருக்கிற ஃபங்ஷன் என்று நினைத்துக் குறிப்புப் போட்டு லிங்கரிடம் தள்ளிவிட்டது. "ஏட்டி, இது லைப்ரரி இல்ல, உன் எழுத்துப் பிழை" என்றேன். ஒவ்வொரு புரோகிராம் தலையிலும் ‘இம்ப்ளிசிட் நன்’ போட்டால் இந்த வேஷம் கம்பைலரிடமே கலைந்துவிடும். பழைய கோப்பில் கை வைக்கப் பயமென்றால் கட்டளையில் ‘-எஃப்இம்ப்ளிசிட்-நன்’ சேர்த்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஏகப்பட்ட எர்ரர் வரும். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இதன் தங்கச்சி ஒன்று உண்டு. ‘ஈடைம்’ என்கிற நேரம் பார்க்கும் ஃபங்ஷன் ஜிஃபோர்ட்ரானுக்குள்ளேயே இருக்கிறது. பழைய புரோகிராம்களில் ‘எக்ஸ்டர்னல் ஈடைம்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். வெளியே இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டதால், கம்பைலர் கையில் இருப்பதை விட்டுவிட்டு வெளியே தேடும். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ‘-எஸ்டிடி=எஃப்95’ என்று கண்டிப்பான தரம் கேட்டாலும் இதே எர்ரர் வரும், ஏனென்றால் ஈடைம் தரத்தில் கிடையாது.

சரி, லைப்ரரியே உண்மையான காரணமாக இருக்கும் இடத்துக்கு வருவோம்.

நிறுவுவது சுலபம். ஆப்ட் இன்ஸ்டால் போட்டு ஜிஃபோர்ட்ரான், லிப்ஓப்பன்பிளாஸ்-டெவ், லிப்லாபேக்-டெவ் என்று கேட்டால் வந்துவிடும். வாலில் இருக்கும் ‘டெவ்’ முக்கியம். அது இல்லாமலே உங்கள் கணினியில் லாபேக் இருக்கலாம், வேறு ஏதாவது மென்பொருள் இழுத்துக்கொண்டு வந்திருக்கும். ஆனால் அது ‘லிப்லாபேக்.எஸ்ஓ.3’ என்று எண்ணோடு இருக்கும். லிங்கர் தேடுவது எண் இல்லாத ‘லிப்லாபேக்.எஸ்ஓ’. அந்த எண் இல்லாத இணைப்பைக் கொண்டுவருவது டெவ் பொதிதான். ‘கேனாட் ஃபைண்ட் -எல்லாபேக்’ என்ற எர்ரருக்கு நான் கண்டவரை முக்கால்வாசி மருந்து இதுவே. இதைத் தெரியாமல் யாராவது சொன்னார்கள் என்று சூடோ போட்டுக் கைக்கு வந்த இடத்தில் எல்லாம் இணைப்பு உண்டாக்கி வைக்கிறார்கள். சவத்த, அதைக் கண்டுபிடித்து அழிப்பதற்குள் கடை மூடுகிற நேரமாகிவிடும்.

பிறகு வரிசை. இதில்தான் லிங்கருக்கு மார்க் குறைக்கலாமா வேண்டாமா என்று எனக்கே இரண்டு மனசு. லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாக ஒரே நடையாகப் படிக்கிறது. உங்கள் ‘.ஓ’ கோப்பைப் படிக்கும்போது எந்தெந்தப் பெயர் வேண்டும் என்று குறித்துக்கொள்கிறது. அடுத்து ‘.ஏ’ என்று முடியும் ஸ்டாட்டிக் லைப்ரரி வந்தால், அதுவரை குறித்திருக்கும் பெயருக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். திரும்பிப் பார்க்காது. லாபேக் தன் உள்வேலைக்கு பிளாஸைக் கூப்பிடும். ஆகவே பிளாஸை முன்னால் எழுதி லாபேக்கைப் பின்னால் எழுதினால், பிளாஸைக் கடக்கும் நேரத்தில் ‘டிஜெம்’ என்ற பிளாஸ் ரூட்டீன் வேண்டும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். லாபேக்கைப் படித்த பிறகு கேட்பார்கள், அதற்குள் பிளாஸ் பின்னால் போய்விட்டது. கணினியில் லைப்ரரி இருக்கிறது, கட்டளையிலும் இருக்கிறது, எர்ரரும் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடிப்பது இங்கேதான். கேட்பவர் இடப்பக்கம், கொடுப்பவர் வலப்பக்கம்: முதலில் உங்கள் கோப்புகள், அப்புறம் லாபேக், அதற்கப்புறம் பிளாஸ். இரண்டு லைப்ரரி ஒன்றையொன்று கூப்பிடுமானால் ‘ஸ்டார்ட்-குரூப்’, ‘எண்ட்-குரூப்’ என்று இரண்டு பக்கமும் வேலி போட்டால் லிங்கர் அந்த வேலிக்குள் மட்டும் சுற்றிச் சுற்றித் தேடும்.

‘.எஸ்ஓ’ என்று முடியும் ஷேர்ட் லைப்ரரிகளில் இந்தக் கெடுபிடி குறைவு என்று பலர் சொல்வார்கள். உபுண்டுவில் அதை நம்பாதீர்கள். அதில் ‘ஆஸ்-நீடட்’ என்ற வழக்கம் இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. அதுவரை யாரும் கேட்காத ஷேர்ட் லைப்ரரியை லிங்கர் சேர்க்காமல் விட்டுவிடும். அதனால் லைப்ரரியைக் கோப்புக்கு முன்னால் எழுதிய மேக்ஃபைல் (கம்பைல், லிங்க் கட்டளைகளை எழுதி வைக்கும் கோப்பு) வேறொரு லினக்ஸில் ஓடி, இங்கே ஓடாமல் போகும். "எங்க சாரோட மிஷின்ல ஓடுதே அக்கா" என்று வருகிற புகார்களில் பாதி இந்த வகை.

ஓப்பன்பிளாஸுக்கு நான் முழு மார்க் கொடுப்பதும் இந்த இடத்தில்தான். கசுஷிகே கோட்டோ என்ற ஜப்பானியர் எழுதிய கோட்டோபிளாஸின் வழியில் 2011 முதல் வளர்ந்து வருவது இது. உபுண்டு பொதியில் பிளாஸும் லாபேக்கும் ஒரே கோப்பில் இருக்கின்றன. கட்டளையின் கடைசியில் ‘-எல்ஓப்பன்பிளாஸ்’ என்று ஒன்றே ஒன்று போட்டால் வரிசைச் சண்டையே கிடையாது. வேகமும் அதிகம். வேகம் கூட்டாத சாதாரண ரெஃபரன்ஸ் பிளாஸை விட, பெரிய மேட்ரிக்ஸ் பெருக்கலில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்கும். 8 ஜிபி லேப்டாப் வைத்திருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சில பெயர்கள் எந்தப் பொதியைப் போட்டாலும் கிடைக்காது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் பழைய புரோகிராமை மாணவன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். ‘எஃப்02ஏபிஎஃப் அண்டர்ஸ்கோர்’ இல்லை என்று எர்ரர். இது நாக் என்கிற விலை கொடுத்து வாங்கும் லைப்ரரியின் ரூட்டீன். அந்தக் காலத்தில் பெரிய நிறுவனங்களின் கணினியில் இருந்தது, சாருக்கு அது கம்பைலரோடு சேர்ந்தே வருவது என்ற நினைப்பு. சமச்சீர் மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்பும் வெக்டரும்தான் அது தருவது. டிசைவை வைத்து மாற்றி எழுதினோம். ஐகன் வெக்டரின் குறி மட்டும் சில இடத்தில் எதிராக வந்தது, அது தப்பில்லை என்று சாருக்குப் போனில் விளக்க வேண்டியிருந்தது. "வே, சைன் மாறியிருக்கே!" என்று கேட்டவர், விளக்கியதும் சமாதானமாகிவிட்டார். லாபேக்குக்குள்ளேயே கூட ‘டிஜெல்எஸ்எக்ஸ்’ போல ஒதுக்கி வைத்துவிட்ட பழைய ரூட்டீன்கள் இருக்கின்றன. சில கட்டுமானங்களில் அவை இருக்கவே இருக்காது. அதற்குப் பதில் ‘டிஜெல்எஸ்ஒய்’ இருக்கிறது, ஆர்கியுமென்ட் பட்டியலை மட்டும் சரிபார்த்து மாற்றுங்கள்.

சரிபார்ப்பது ஏன் முக்கியம் என்றால், லிங்கர் பெயரை மட்டும்தான் பார்க்கும். டிஜெல்ஸுக்குப் பதினொரு ஆர்கியுமென்ட். நீங்கள் பத்து கொடுத்தாலும் பெயர் பொருந்திவிட்டால் லிங்கர் சந்தோஷமாகக் கட்டிக் கொடுத்துவிடும். ஓடும்போது செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தனக்கில்லாத நினைவகத்தைத் தொட்டுப் புரோகிராம் செத்துவிடும். இன்டெலின் எம்கேஎல் லைப்ரரியில் ‘எல்பி64’, ‘ஐஎல்பி64’ என்று இரண்டு வகை உண்டு, இரண்டாவதில் இன்டிஜர் 8 பைட். புரோகிராமில் 4 பைட் வைத்துக்கொண்டு அதைச் சேர்த்தாலும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் லிங்க் ஆகும், அப்புறம்தான் தலைவலி.

தரவுக் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் நெட்சிடிஎஃப் தனிக்கதை. வானிலைத் தரவு எடுப்பவர்கள் எல்லாருக்கும் இது வேண்டும். 4.2 பதிப்பிலிருந்து சி லைப்ரரியும் ஃபோர்ட்ரான் லைப்ரரியும் பிரிந்துவிட்டன. பழைய மேக்ஃபைலில் ‘-எல்நெட்சிடிஎஃப்’ மட்டும் இருக்கும். அதற்கு முன்னால் ‘-எல்நெட்சிடிஎஃப்எஃப்’ என்று இன்னோர் எஃப் போட்டதையும் சேர்க்க வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, ‘என்எஃப்-கான்ஃபிக் --எஃப்லிப்ஸ்’ என்று கேட்டால் முழு வரியையும் அதுவே எழுதிக் கொடுக்கும். இப்படி ஒரு சின்னக் கருவியை எல்லா லைப்ரரியும் கொடுத்தால் நான் இந்த வேலையை விட்டுவிட்டு பைண்டிங்கை மட்டும் பார்க்கலாம்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பைத்தானுக்காக கோண்டா என்ற தனிப் பொதி நிர்வாகியைப் போட்டவர்கள் லேப்டாப்பில் கோண்டாவின் என்எஃப்-கான்ஃபிக் முன்னால் வந்து நிற்கும், கம்பைலர் மட்டும் உபுண்டுவினுடையதாக இருக்கும். அப்போது ‘நெட்சிடிஎஃப்.மாட்’ கோப்பை வேறு பதிப்பு ஜிஃபோர்ட்ரான் உண்டாக்கியிருக்கிறது, படிக்க முடியாது என்று எர்ரர் வரலாம். ‘விச் ஜிஃபோர்ட்ரான்’, ‘விச் என்எஃப்-கான்ஃபிக்’ என்று இரண்டையும் அடித்துப் பாருங்கள். ஒன்று ஹோமிலும் ஒன்று யுஎஸ்ஆரிலும் இருந்தால் கோண்டாவை டீஆக்டிவேட் செய்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

பெரிய அர்ரே வைப்பவர்களுக்கு: 20,000க்கு 20,000 டபுள் பிரிசிஷன் என்று காமன் பிளாக்கில் (ரூட்டீன்கள் பகிர்ந்துகொள்ளும் நிலையான இடத்தில்) அறிவித்தால் அது 3.2 ஜிபி. ‘ரீலொகேஷன் ட்ரங்கேட்டட் டு ஃபிட்’ என்று லிங்கர் சொல்லும். 2 ஜிபிக்கு மேல் நிலையான இடம் கேட்டால் வழக்கமான முகவரி முறையில் எட்டாது என்பதுதான் விஷயம். ‘-எம்சிமாடல்=மீடியம்’ போட்டால் எர்ரர் போகும். அலோகேட்டபிள் ஆக்கி, ஓடும்போது இடம் கேட்பதுதான் முறை. அது சரி, 8 ஜிபி லேப்டாப்பில் இவ்வளவு பெரிய அர்ரே எதற்கு என்று நான் கேட்பதில்லை. கைடு கேட்கட்டும்.

லிங்க் ஆகி ஓடாத கேஸ்களும் வரும். சீனியர் பென் டிரைவில் கொடுத்த ரெடிமேட் புரோகிராம் ‘லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.3’ இல்லை என்று சொல்லும். 3 என்றால் அது ஜிசிசி 6 வரைக்குமான காலத்தில் கட்டியது, 7-ல் 4 ஆனது, 8-லிருந்து 5. உங்களிடம் 5தான் இருக்கும். 5-க்கு 3 என்று பெயர் மாற்றி வைக்காதீர்கள். சோர்ஸ் கோப்பை வாங்கி மறுபடி கம்பைல் செய்யுங்கள். எந்த லைப்ரரி காணவில்லை என்று பார்க்க ‘எல்டிடி’. ஒரு லைப்ரரிக்குள் ஒரு ரூட்டீன் இருக்கிறதா என்று பார்க்க ‘என்எம்’: பெயருக்கு முன்னால் பெரிய டி (டெக்ஸ்ட் என்பதன் டி, டபுளின் டி அல்ல) இருந்தால் இருக்கிறது, யு இருந்தால் அதுவும் வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு கட்டளையையும் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அப்புறம் என்னிடம் தட்டச்சுக்கு மட்டும்தான் வருகிறார்கள்.

இன்டெல் கம்பைலரோடு ஒப்பிடச் சொல்வீர்கள். 2020 கடைசியிலிருந்து ஒன்ஏபிஐ என்ற பெயரில் அதுவும் காசில்லாமல் கிடைக்கிறது. எம்கேஎல் அருமையான சரக்கு, இன்டெல் சிப்பில் வேகத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் பல ஜிபி இறக்க வேண்டும், செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் விடுதிப் பிள்ளைக்கு அது ஆகாது. எம்கேஎல்லை ஜிஃபோர்ட்ரானோடு சேர்ப்பதென்றால் ‘எம்கேஎல் ஜிஎஃப் எல்பி64’, ‘சீக்வென்ஷியல்’, ‘கோர்’ என்று மூன்று அடுக்கு எழுத வேண்டும், முதல் அடுக்கில் ஜிஎஃப் என்பதற்குப் பதில் இன்டெல் என்று எழுதினால் காம்ப்ளெக்ஸ் எண் திருப்பித் தரும் ஃபங்ஷன்களில் குழப்பம் வரும். எந்த வரி எழுதுவதென்று சொல்ல இன்டெலே ஒரு ஆலோசனைப் பக்கம் வைத்திருக்கிறது. பழைய மேக்ஃபைலில் ‘ஐஃபோர்ட்’ என்று இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. 2025 பதிப்பிலிருந்து அந்தக் கம்பைலரே கிடையாது, ‘ஐஎஃப்எக்ஸ்’தான்.

விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு அதற்குள் உபுண்டு வைத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்னது எல்லாம் அப்படியே பொருந்தும். நேரடியாக விண்டோஸில் கட்டினால் ‘லிப்ஜிஃபோர்ட்ரான்-5.டிஎல்எல்’ இல்லை என்று நண்பன் லேப்டாப்பில் நிற்கும். ‘-ஸ்டாட்டிக்’ போட்டுக் கட்டிக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

யாருக்கு இந்தக் கூட்டணி வேண்டாம் என்றால், கடைசியில் வேறு ஊர் கிளஸ்டரில் (பல கணினிகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய கணினியில்) ஓட்டப்போகிறவர்களுக்கு. அங்கே என்ன கம்பைலர், என்ன எம்பிஐ இருக்கிறதென்று முதலில் ‘மாட்யூல் அவெய்ல்’ (இது ஃபோர்ட்ரான் மாட்யூல் அல்ல, கிளஸ்டரில் உள்ள மென்பொருள்களைப் பட்டியலிடும் கட்டளை) அடித்துப் பார்த்து, முடிந்தால் அதையே இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு உபுண்டு கிடங்கின் ஜிஃபோர்ட்ரானும் ஓப்பன்பிளாஸும் தாராளமாகப் போதும். கடைக்கு வருவதென்றால் போட்டோ வேண்டாம், கட்டளையையும் எர்ரரையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சேமித்து எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.